மீன் தொட்டிக்கு ஒரு கை உப்பு

அந்தத் திங்கட்கிழமை காலை கிளினிக் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் காதில் விழுந்தது தொட்டியின் காற்று மோட்டார் சத்தம்தான். எப்போதும் போல ‘க்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி மூலையில் விட்டேன். பையை மேஜைக்கடியில் வைத்தேன். அப்புறம்தான் வாடை வந்தது.

தொட்டி விளக்கைப் போட்டேன். மேலே வெள்ளையாக என்னவோ மிதந்தது. ஏஞ்சல் மீன்கள். நாலும் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றுக் குமிழி வந்து முட்டும்போதெல்லாம் உயிர் இருப்பது போல அசைந்தன. டெட்ராக்கள் வடிகட்டியின் வாயில் கொத்தாக ஒட்டியிருந்தன. அடியில் மணல்மேல் மீசை மீன்கள் வயிற்றைக் காட்டிக் கிடந்தன.

இரண்டே இரண்டு கறுப்பு மோலிகள் மட்டும் அவற்றுக்கு நடுவே சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜையின் கடைசி டிராயரைத் திறந்து, அங்கே இருந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டருக்குப் போன் செய்தது அதற்கப்புறம்தான்.

போன வாரம் டோக்கன் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், “பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருபத்திரண்டு வருஷமும் இப்படிச் சிரிப்பாகத்தான் போனதா?” என்று. இல்லை, அம்மா. இந்த வாரம் எழுதுவதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், என்னுடையதைத் தவிர.

கூடத்துக்கு வந்த தொட்டி

எங்கள் கிளினிக் டவுனுக்குள்ளே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். உயரமான கதவு, உயரமான ஜன்னல். காத்திருக்கிற கூடத்தில் பெஞ்சுகள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு உள்ளே ஓடுகிற டிரில் சத்தம் அப்படியே கேட்கும். பிள்ளைகள் அழுவார்கள். பெரியவர்கள் அழாமல் முகம் வெளுப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா தாத்தா, போரைப் பார்த்தவர், எங்கள் நாற்காலியைப் பார்த்ததும் “மதாம், நாளைக்கு வரேன்” என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்காகத்தான் டாக்டர் தொட்டி வைத்தார். நாலடி நீளம். அதில் விட்ட ஏஞ்சல் மீன்களை அவருடைய மகள் தேர்ந்தெடுத்தாள். அவள் பிரான்சுக்குப் படிக்கப் போவதற்கு முந்தின வாரம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் அவளுக்கு மீன்களைக் காட்டுவதற்கென்றே டாக்டர் கிளினிக்குக்கு வருவார். கடுமையான மனிதர். மீன்களுக்கு முன்னால் மட்டும் குரல் இளகிவிடும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் ஏழுமலை. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலாப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மில் மூடின பிறகு கொஞ்ச காலம் எந்த வேலையும் ஒட்டவில்லை, குடி ஒட்டிக்கொண்டது. அதை அவரேதான் சொன்னார். கிளினிக்குக்கு வரத் தொடங்கிய புதிதில் ஒரு தடவை வாடையோடு வந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் நிறுத்திவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜாங்கிரிப் பொட்டலம் ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

“என்னா விசேஷம்ணா?”

“இன்னியோட ஒரு வருஷம் மேடம். தொடல.”

வீட்டுக்கு வெளியே அவர் அதைச் சொன்னது என்னிடம் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

உப்பை நம்பினவள்

என் வேலையில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது நான் சொன்ன வாக்கியம் இது: “வெதுவெதுன்னு தண்ணி வெச்சி, கல்லுப்பு போட்டு, நாலு வேள கொப்புளிங்க.” பல் பிடுங்கியவர், ஈறு வீங்கியவர், ஞானப்பல் முளைக்கிறவர், எல்லாருக்கும் அதேதான். அதற்கென்றே என் டிராயரில் உப்புப் பாக்கெட் இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவேன்.

உப்புமேல் எனக்கிருந்த நம்பிக்கை வீட்டிலேயே தொடங்கியது. அம்மா வருஷத்துக்கு ஒரு தரம் வேளாங்கண்ணிக்குப் போய் உப்பும் மிளகும் காணிக்கை வைப்பாள். தொண்டை கட்டினால் உப்பு, காலில் ஆணி குத்தினால் உப்பு, தேள் கொட்டினால்கூட உப்பு. அதனால் யாருக்கும் கெட்டது வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த மழைக்காலத்தில் மீன்கள்மேல் வெள்ளைப் புள்ளி வந்தது. ரவையைத் தூவியது போல இருக்கும். மீன்கள் கல்லில் போய் உடம்பைத் தேய்த்தன. நான் போன் செய்ததும் முறை நாள் இல்லாத போதும் ஏழுமலை வந்தார்.

முதலில் மீசை மீன்களையும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீனையும் வலையால் பிடித்து மூடி போட்ட பக்கெட்டில் விட்டார். “இதுங்களுக்கு உப்பு ஆகாது மேடம். மத்த மீனு மாதிரி இதுங்களுக்குச் செதிள் கெடயாது. சரியாவுற வரைக்கும் நான் வீட்டுல வெச்சிக்கிறேன்” என்றார்.

அப்புறம் தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து, கல்லுப்பை அளந்து போட்டு, கையால் கலக்கிக் கரைத்து, ஒரு ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரே தடவையில் ஊற்றவில்லை. அரை மணி விட்டு மறுபடி, அப்புறம் மறுபடி.

கிளம்பும்போது சொன்னார்: “ஏசி ஓடுறதால தண்ணி கொறயும். கொறஞ்சா, மொத நாளே புடிச்சி வெச்ச தண்ணிய ஊத்துங்க. தண்ணி மட்டும். உப்பு போடாதீங்க. ஆவியாப் போறது தண்ணிதான். உப்பு எங்கயும் போறதில்ல, உள்ளயேதான் கெடக்கு.”

நான் அப்போது போனில் யாருக்கோ டைம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவர் சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விழுந்தது.

ஒரு செம்புத் தண்ணீர், ஒரு கை உப்பு

நாலு நாளில் புள்ளிகள் குறையத் தொடங்கின. எனக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு உப்புக்கே இப்படிக் குணமாகிறதென்றால் இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று தோன்றியது. காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றும்போது டிராயரைத் திறந்து ஒரு கை உப்பும் போட்டேன். மறுநாளும் போட்டேன். பல்வலிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் மீன்களிடம் “சரியாயிடும், சரியாயிடும்” என்றேன்.

டாக்டர் ஒரு நாள் தொட்டிக்கு முன்னால் நின்று, “பரவாயில்லயே ரீத்தா, நல்லா பாத்துக்கிறியே” என்றார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. மறுநாள் இரண்டு கை போட்டேன்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை ஏழுமலை வந்தபோது அவருக்குக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. ஒரு தடவை பக்கெட்டைத் தரையில் இடித்துக் கொஞ்சம் தண்ணீர் சிந்தினார். அந்த நிலையிலும் சக்கர் மீனையும் மீசை மீன்களையும் காலாப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “புள்ளி போயிடுச்சி. ஆனா செடி ஏன் மேடம் இப்படிக் கருவுது?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தண்ணி மட்டும்தானே ஊத்துறீங்க?” என்று கேட்டார்.

“ஆமாண்ணா” என்றேன்.

அந்த ஒரு சொல்லை நம்பி அவர் மீசை மீன்களையும் சக்கர் மீனையும் தொட்டியில் விட்டார். ஒரு ஏஞ்சலின் துடுப்பு நைந்திருந்ததால் நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றினார். உடம்பு முடியவில்லை, செவ்வாய்க்கிழமை வந்து தண்ணீரை மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கை மூடும்போது மீசை மீன்கள் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. நைந்த துடுப்புக்காரன் ஒரு மூலையில் மூச்சு வாங்கினான். மறுநாள் ஞாயிறு, நான் வரமாட்டேன். இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கரைக்கக்கூட இல்லை. புதுப் பாக்கெட்டைப் பிரித்துப் பாதிவரை அப்படியே கொட்டினேன். கல்லுப்பு கண்ணாடி வழியாக மினுமினுத்துக்கொண்டு மணலில் இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து பார்த்திருக்க வேண்டிய டாக்டர், அந்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார்.

‘ஒரு மாதிரியா’

திங்கட்கிழமை டாக்டர் வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். மகளிடம் என்ன சொல்வதென்று யோசித்திருப்பார். பிறகு, “அவனக் கூப்பிடு” என்றார்.

ஏழுமலை அரைமணியில் வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் “ஐயோ” என்று சொன்னதோடு சரி. கிட்டே போய் உட்கார்ந்து, செத்த மீன்களைப் பார்க்காமல் அந்த இரண்டு மோலிகளையே பார்த்தார். பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

மோலிக்கு உப்புத் தண்ணீர் பழக்கம். கடல் ஓரத்துக் கழிமுகத்தில்கூட அது வாழும். தொட்டியில் எல்லாம் செத்து மோலி மட்டும் பிழைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரைப் போலப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழம என்னாத்த ஊத்தின?” என்றார் டாக்டர்.

“மருந்து சார். எப்பவும் ஊத்துற அளவுதான்.”

“குடிச்சிட்டு வந்து ரெண்டு மடங்கு ஊத்திட்டியா?”

“சார், நான் அத வுட்டு ரெண்டு வருஷம் ஆவுது.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “ரீத்தா, நீ இருந்தியே. அன்னிக்கி இவன் எப்படி இருந்தான்?”

கூடத்தில் இரண்டு நோயாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கைப்பை என் காலடியில் இருந்தது. பாதிப் பாக்கெட் உப்பு அதற்குள்ளே. ‘காய்ச்சலோடு வந்தார்’ என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ‘உப்பு போட்டது நான்தான் டாக்டர்’ என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? நாலு வார்த்தை திட்டியிருப்பார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வேலை போயிருக்காது. பெரிய ஆபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. ‘நல்லா பாத்துக்கிறியே’ என்று அவர் சொன்னதை இழக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு டாக்டர்” என்றேன்.

ஏழுமலை பக்கெட்டை எடுத்துக்கொண்டு செத்த மீன்களை ஒவ்வொன்றாக வலையால் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு அந்த இரண்டு மோலிகளை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை.

டாக்டர் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு வக்கீல் வீடு, ஒரு கெஸ்ட் ஹவுஸ், இன்னும் இரண்டு கிளினிக், எல்லாம் டாக்டர் சொல்லித்தான் ஏழுமலைக்குக் கிடைத்தவை. ஒவ்வொன்றாக நின்றுபோயின. தொட்டி இருந்த இடத்துக்கு டிவி வந்தது.

உப்புப் பாக்கெட்டை அன்று சாயங்காலம் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கோயிலில் பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவே இல்லை. பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லி, பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில்

போன வருஷம் வேலையிலிருந்து நின்றேன். அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை, பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு ஆட்டோவில் ஏறினேன். கருவடிக்குப்பம் என்றேன். ஓட்டுநர் தலையாட்டினார். கடற்கரைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போன பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

“டாக்டர் நல்லா இருக்காரா மேடம்?”

குரல்தான் தெரிந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது.

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “அண்ணா, உப்பு போட்டது நான்தான்” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும் மேடம்.”

“அன்னிக்கேவா?”

“தண்ணிய நாக்குல வெச்சேனே. கடல் தண்ணி மாதிரி கரிச்சிது.”

“அப்ப ஏன் சொல்லல?”

ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். “நான் சொன்னா டாக்டரு நம்புவாரா? நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மீன் எடுக்கவும் கண்ணாடி தொடைக்கவும் எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்? பத்து நிமிஷம். நான் அரமணி தொடச்சேன். இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு.”

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுகை அடங்குகிறவரை காத்திருந்தார்.

“நான் இன்னிக்கே டாக்டர்கிட்ட போயி எல்லாத்தையும் சொல்றேன்ணா.”

“டாக்டர்கிட்ட சொல்லி எனக்கு என்னா ஆவணும்?” என்றார். “எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. டாக்டரு அன்னிக்கி அவளுக்கும் போன் பண்ணிட்டாரு. மறுபடி ஆரம்பிச்சிட்டான், ரிசப்ஷன் பொண்ணே பாத்திருக்குன்னு. நான் இல்லன்னு சொன்னேன். குடிச்ச காலத்துலயும் இல்லன்னுதானே சொல்லிட்டிருந்தேன்? எப்படி நம்புவா?”

ஆட்டோவைக் கிளப்பினார். கருவடிக்குப்பத்தில் திரும்பவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை.

காலாப்பட்டில்

ஏழுமலையின் மனைவி வசந்தா வாசலுக்கு நேரே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். “கிளினிக் மேடம். உங்கிட்ட என்னாவோ சொல்லணுமாம்” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் நின்றபடியே சொன்னேன். உப்பைச் சொன்னேன். ‘தண்ணீர் மட்டும்தானே’ என்று அவர் கேட்டதையும் ‘ஆமாம்’ என்று நான் பொய் சொன்னதையும் சொன்னேன். கடைசியில், டாக்டர் கேட்டபோது நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. “அன்னிக்கி அவருக்கு ஜொரம்மா” என்றாள். “போவாதன்னு சொன்னேன். பக்கெட்டுல மீனு வெச்சிட்டிருக்கேன், குடுத்துட்டு வந்துடுறேன்னு போனாரு.”

“தெரியும்” என்றேன். “எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிலேருந்து தெனம் அவரு வாசல்ல வந்து நிப்பாரு. நான் கிட்டப் போயி ஊதச் சொல்லுவேன். ஊதுவாரு. அப்புறந்தான் உள்ள வுடுவேன். எங்க பொண்ணு பாத்துட்டிருக்கும். மாப்பிள்ள வந்த அன்னிக்கிகூட ஊதாம உள்ள வுடல. ஒரு நாளு மாட்டேன்னு சொன்னதில்லம்மா அவரு. ஒரு நாளுகூட வாடை வந்ததில்ல. நல்லா மறைக்கிறாருன்னுதான் நெனச்சேன்.”

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் எனக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தாரோ, பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்தாரோ, ஏழுமலை படியேறி வந்தார். வாசலில் நின்றார். வசந்தா எழுந்து அவர் எதிரே போனாள். அவர் எதுவும் யோசிக்காமல், தினமும் செய்கிற பழக்கத்தில், கொஞ்சம் குனிந்து அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார்.

அவள் சட்டென்று கையை எடுத்து அவர் வாயைப் பொத்தினாள்.

“வேணாம்” என்றாள். “வேணாம், உள்ள வா.”

அவர் உள்ளே வரவில்லை. வாயைப் பொத்திய அவள் கையை எடுக்கவும் இல்லை. அப்படியே நின்றார்கள். அவர் தோள் குலுங்கத் தொடங்கியதும் நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டி அவர்களைத் தாண்டி வெளியே வந்தேன்.

என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மெயின் ரோடுவரை நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.